அடிக்கிறவனை வளர்ப்போம், எறிகிறவனை வாங்குவோம்: சிகாகோ கப்ஸ் போட்ட கணக்கு

மேஜர் லீக் என்பது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டி. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அதன் ட்ராஃப்டில், 2014 ஜூன் மாதம் முதலில் வாசிக்கப்பட்ட மூன்று பெயர்களும் பிட்சர்கள், அதாவது பந்து எறிகிறவர்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கலிஃபோர்னியாவின் பள்ளி மாணவன் பிரேடி ஏக்கனை எடுத்தது. மயாமி மார்லின்ஸ் எடுத்தது டைலர் கோலெக்கை. டெக்சஸில் பள்ளிக்கூட ஆட்டங்களிலேயே மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டவன். சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கிடைத்தவர் கல்லூரி ஆட்டக்காரரான இடதுகை பிட்சர் கார்லோஸ் ரோடான்.

நான்காவது முறை சிகாகோ கப்ஸுக்கு. நான்கு ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்த அணி, நல்ல பிட்சர் கையில் அதிகம் இல்லாத அணி. அவர்கள் எடுத்தது இண்டியானா பல்கலைக்கழகத்தின் கைல் ஷ்வார்பரை. ஆள் கட்டை குட்டையாக இருப்பார். பெயருக்கு கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி), ஆனால் மேஜர் லீகில் அவரை எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அடிப்பார். நான்காவது இடம் இவருக்கு ரொம்ப அதிகம் என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள்.

அந்த மூன்று பிட்சர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் கப்ஸின் கணக்கு பாதி புரிந்துவிடும்.

ஏக்கனுக்கு 65 லட்சம் டாலர் பேசியிருந்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் முழங்கை எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் பற்றிச் சந்தேகம் வந்தது. ஆஸ்ட்ரோஸ் தொகையைக் குறைத்தது, பையன் வீட்டார் மறுத்தார்கள், ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த மார்ச்சில் அதே முழங்கையில் அறுவை சிகிச்சை. 2015 ட்ராஃப்டில் கிளீவ்லேண்ட் அவரை 17ஆவதாக எடுத்துப் பார்த்தது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை. கோலெக்குக்கு 2016இல் முழங்கை அறுவை. அவரும் மேஜர் லீகை எட்டவில்லை.

மூவரில் தேறியவர் ரோடான் மட்டும். அவர் கதைதான் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. 2015லேயே மேலே வந்துவிட்டார். அப்புறம் தோள்பட்டை போனது, 2019இல் முழங்கை போனது. 2020 கடைசியில் ஒயிட் சாக்ஸ் கைகழுவியே விட்டது. பிறகு 30 லட்சம் டாலருக்கு ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்தார்கள். அந்த 2021இல்தான் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸை எட்டுவது) கொடுக்காத ஆட்டம் ஒன்றை எறிந்தார். வருடம் முடிந்ததும் சான் பிரான்சிஸ்கோ போனார். 2022 முடிவில் நியூயார்க் யாங்கீஸ் ஆறு ஆண்டுகளுக்கு 16.2 கோடி டாலர் கொடுத்தது. விதைத்தது ஒயிட் சாக்ஸ், தண்ணீர் ஊற்றிக் காத்திருந்ததும் அவர்கள்தான். அறுவடை பெரும்பாலும் அடுத்தவன் வயலில்.

இங்கே ட்ராஃப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலம் மாதிரி அல்ல இது. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோவில் பள்ளி, கல்லூரிகளில் ஆடும் பையன்களை அணிகள் வரிசை முறையில் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். 1965இலிருந்து நடக்கிறது. கடந்த ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முன்வரிசை. இப்போது அதிலும் குலுக்கல் உண்டு. ஒருவன் எந்த அணிக்கு ஆடுவது என்பது அவன் கையில் இல்லை. எடுத்த பையன் பெரும்பாலும் நேரே மேஜர் லீகுக்கு வருவதும் இல்லை. மைனர் லீக் எனும் கீழ்நிலைப் போட்டிகளின் ஊர்களில் பேருந்தில் அலைந்து, இரண்டு வருடமோ ஏழு வருடமோ கழித்து வருவான், வந்தால். மேலே வந்த பிறகு முழு ஆறு சீசன் அந்த அணிக்குத்தான் அவன் சொந்தம். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமும் சொற்பம். ஆக, ட்ராஃப்டில் அணி வாங்குவது ஒரு ஆட்டக்காரனின் ஆறு மலிவான ஆண்டுகளை. அந்த ஆறு ஆண்டுகளில் அவன் ஆடுவானா, ஆஸ்பத்திரியில் இருப்பானா என்பதுதான் கேள்வி.

பிட்சர் விஷயத்தில் இந்தக் கேள்வி முழங்கையின் உள்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன லிகமென்டில் வந்து நிற்கிறது. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் பட்டை அது. ஒவ்வொரு வேகப் பந்துக்கும் அது தாங்குகிற இழுவை ஏறக்குறைய அதன் எல்லைவரை போகிறது. 1974 வரை அது கிழிந்தால் அத்துடன் வேலை போயிற்று. அந்த வருடம் லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் இன்னொரு கையிலிருந்து நரம்பு போன்ற ஒரு தசைநாரை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டுக் கோத்துத் தைத்தார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அறுவைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அது சகஜம். ஆனால் குணமாக ஒரு வருடத்துக்கு மேல், சில சமயம் ஒன்றரை வருடம் ஆகும். ஆறு மலிவான ஆண்டுகளில் ஒன்றரை போனால் கால் பங்கு போயிற்று. இரண்டாவது முறை கிழிந்தால் என்ன மிச்சம்?

பள்ளியிலிருந்து வரும் பிட்சர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். ட்ராஃப்டின் இத்தனை ஆண்டு வரலாற்றில் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட பள்ளி பிட்சர்கள் மூன்றே பேர். 1973இல் டேவிட் கிளைட். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் டிக்கெட் விற்க அவரை 18 வயதில் நேரே மேஜர் லீகில் இறக்கியது, மொத்தம் 18 வெற்றிகளோடு ஓய்ந்தார். 1991இல் யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லர், ஒரு சண்டையில் தோளைக் கெடுத்துக்கொண்டு மேலே வரவே இல்லை. மூன்றாவது, நாம் பார்த்த ஏக்கன்.

சரி, கப்ஸுக்கு வருவோம். 2011 அக்டோபரில் தியோ எப்ஸ்டீன் அங்கே தலைமைப் பொறுப்பேற்றார். பாஸ்டன் ரெட் சாக்ஸின் 86 ஆண்டு கோப்பை வறட்சியை 2004இல் முடித்தவர். கப்ஸின் வறட்சி அதைவிட நீளம், 1908இலிருந்து. பழைய அணியை ஒட்டுப் போட்டு ஓட்டாமல் இடித்துக் கட்டினார்கள். 2012இல் 101 தோல்வி. தோல்விக்குக் கூலியாக ட்ராஃப்டில் முன்வரிசை கிடைத்தது. அந்த வரிசையில் யாரை எடுத்தார்கள் என்று பாருங்கள்: 2012இல் ஆல்பர்ட் அல்மோரா, 2013இல் கிரிஸ் பிரையன்ட், 2014இல் ஷ்வார்பர், 2015இல் இயன் ஹாப். நான்கு வருடமும் அடிக்கிறவர்கள். அதற்கு முந்தைய நிர்வாகம் 2011இல் எடுத்துவைத்த ஹாவியர் பயேஸும் அப்படியே.

2013தான் உண்மையான சோதனை. ட்ராஃப்ட் வரிசையில் கப்ஸ் இரண்டாவது இடத்தில் இருந்தது. அந்த வருடம் பெரிய பெயர்கள் இரண்டு கல்லூரி பிட்சர்கள்: ஸ்டான்ஃபோர்டின் மார்க் அப்பல், ஓக்லஹோமாவின் ஜான் கிரே. ஆஸ்ட்ரோஸ் அப்பலை எடுத்தது. கப்ஸ் கிரேயை விட்டுவிட்டு சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் பிரையன்டை எடுத்தது. பிரையன்ட் அந்த சீசனில் 31 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்தார். கல்லூரி மட்டையில் துள்ளலைக் குறைத்த புது விதி வந்திருந்த காலம் அது. ஒரு அணி முழுக்கச் சேர்ந்து 31 அடிக்காத கல்லூரிகள் ஏராளம். அடிக்கிறவனை எடைபோடுவது எளிது என்று கப்ஸ் நம்பியதற்குக் காரணம் இதுதான். அவன் தினமும் ஆடுகிறான். எந்தப் பந்தை விடுகிறான், எதைத் துரத்துகிறான் என்று நூற்றுக்கணக்கான முறை பார்க்கலாம். பிட்சர் வாரத்துக்கு ஒரு முறை வருகிறான், முழங்கைக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. பிரையன்ட் 2015இல் சிறந்த புதுமுகம், 2016இல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். அப்பல் காயங்களோடு போராடி 2018இல் விலகி, மனம் மாறித் திரும்பி வந்து, 2022இல் தமது 30ஆவது வயதில் பிலடெல்ஃபியாவுக்காக முதல் முறை மேஜர் லீகில் எறிந்தார். ஆறே ஆட்டம். எனக்குப் பிடித்த பேஸ்பால் கதைகளில் அதுவும் ஒன்று, ஆனால் முதல் இடத்தைச் செலவழித்த அணிக்கு அதில் ஆறுதல் இல்லை.

கப்ஸ் பிட்சரே வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. முதல் சுற்றை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 2012இலிருந்து ஒவ்வொரு அணிக்கும், ட்ராஃப்டில் எடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கொடுக்கும் போனஸுக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. ஷ்வார்பர் இருந்த இடத்துக்கு லீக் குறித்திருந்த தொகை 46 லட்சம் டாலருக்கு மேல். அவர் 31 லட்சத்துச் சொச்சத்துக்கு ஒத்துக்கொண்டார். நான்காவது இடம் அதிகம் என்று ஊரே சொன்னது இங்கே கப்ஸுக்கு உதவியது. மிஞ்சிய 15 லட்சத்தை வைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போகத் தயாராக இருந்த பள்ளி பிட்சர்களைப் பின்சுற்றுகளில் பிடித்தார்கள்: நான்காவது சுற்றில் கார்சன் சாண்ட்ஸ், ஐந்தாவதில் ஜஸ்டின் ஸ்டீல், ஆறாவதில் டிலன் சீஸ். சீஸுக்கு முழங்கை ஏற்கெனவே கெட்டிருந்தது, அதனால்தான் ஆறாவது சுற்றுவரை கிடந்தார். ஒருவரிடம் மொத்தமாகக் கட்டாமல் மூன்று பேரிடம் பிரித்துக் கட்டிய பணம் இது. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அணிக்குத் தேவையான பிட்சர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மற்றவர்கள் வளர்த்ததிலிருந்து. ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற சுமாரான பிட்சரை ஒரு வருடத்துக்கு எடுத்து, பாதி சீசன் நன்றாக எறிந்ததும் 2013 ஜூலையில் பால்டிமோருக்கு விற்றார்கள். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஜேக் அரியேட்டா. அங்கே ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஐந்து ரன்னுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தவர். 2015இல் அவர் கொடுத்தது 1.77 ரன், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கினார். 2012 ஜூலையில் மூத்த பிட்சர் ரயன் டெம்ப்ஸ்டரை டெக்சஸுக்குக் கொடுத்தபோது வந்தவர்களில் கைல் ஹெண்ட்ரிக்ஸ் இருந்தார். 90 மைலைத் தொடவே சிரமப்படுகிற, பேராசிரியர் மாதிரியான பிட்சர். 2016இல் மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளான நேஷனல், அமெரிக்கன் லீகுகளிலும் சேர்த்து மிகக் குறைவான ரன் கொடுத்தவர் அவர்தான். கடைசியாக, அடிக்கிறவர்கள் தயாரானதும், 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டரை ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். விலை அதிகம்தான். ஆனால் 1,500 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தும் உடையாத கை அது. உடைய வேண்டியவர்கள் எல்லாம் வேறு அணிகளின் செலவில் உடைந்து முடிந்திருந்தார்கள். கப்ஸ் பணம் கொடுத்தது அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான்.

எதிர்த்திசையிலும் அதே புத்தி வேலை செய்தது. முதல் சுற்றில் எடுத்துவைத்திருந்த பிட்சர் ஆண்ட்ரூ கேஷ்னரை சான் டியேகோவுக்குக் கொடுத்து ஆன்டனி ரிஸ்ஸோவை வாங்கினார்கள். ஆடும் பிட்சர்கள் இருவரை ஓக்லண்டுக்குக் கொடுத்து அடிசன் ரஸ்ஸலை வாங்கினார்கள். கையில் இருக்கும் நாளில் பிட்சரை விற்றுவிட வேண்டும் என்பது மாதிரி.

இது எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிந்த இரவு 2016 நவம்பர் 2. கிளீவ்லேண்டில், கோப்பையை முடிவுசெய்யும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6. மழையால் ஆட்டம் 17 நிமிடம் நின்றது. பத்தாவது இன்னிங்ஸின் முதல் ஆள் ஷ்வார்பர். ஏப்ரலில், சீசனின் மூன்றாவது ஆட்டத்திலேயே, முழங்கால் லிகமென்ட் இரண்டு கிழிந்து வருடமே முடிந்தது என்று சொல்லப்பட்டவர். அடிக்கிறவர்களுக்கும் காயம் வரும்தான். ஆனால் ஃபீல்டிங் செய்யாமல் மட்டையை மட்டும் சுழற்ற ஒரு இடம் ஆட்டத்தில் உண்டு. உலகத் தொடருக்கு அப்படித்தான் வந்தார். பிட்சருக்கு அந்த மாதிரி பாதி வேலை கிடையாது.

ரன் எடுக்க ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதுக்கு ஷ்வார்பர் அடித்துப் போனார். அவருக்குப் பதில் ஓட அல்மோராவை அனுப்பினார்கள். அடுத்து பிரையன்ட் மைய மைதானத்தின் ஆழத்துக்குத் தூக்கி அடித்தார். கேட்ச்தான். ஆனால் அல்மோரா பாதி தூரம் ஓடிப்போய் வேடிக்கை பார்க்காமல், முதல் பேஸிலேயே காலை ஊன்றிக் காத்திருந்து, பந்து கையில் விழுந்ததும் இரண்டாவதுக்குப் பறந்தார். ரிஸ்ஸோவை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள், அதாவது அடிக்க முடியாதபடி விலக்கி எறிந்து முதல் பேஸை இலவசமாகக் கொடுத்தார்கள். பென் ஸோப்ரிஸ்ட் இடது கோட்டை ஒட்டி அடித்தார், அல்மோரா உள்ளே வந்தார். பிறகு இன்னொரு ரன். 2014, 2012, 2013: மூன்று ட்ராஃப்டுகளின் முதல் சுற்று ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக, ஒரே ஓட்டத்துக்குள்.

இப்போது அந்த இரவில் கப்ஸுக்காக எறிந்தவர்களைப் பாருங்கள். ஹெண்ட்ரிக்ஸ், டெக்சஸ் ட்ராஃப்ட் செய்தவர். லெஸ்டர், பாஸ்டன். அரோல்டிஸ் சாப்மன், கியூபாவிலிருந்து சின்சினாட்டி வழியாக, அந்த ஜூலையில் யாங்கீஸிடம் வாங்கியது. கார்ல் எட்வர்ட்ஸ், இவரும் டெக்சஸ், அதுவும் 48ஆவது சுற்று. கடைசி ஆளை வீழ்த்திய மைக் மான்ட்கோமரி, கன்சாஸ் சிட்டி ட்ராஃப்ட் செய்து, ஊர் சுற்றி, சியாட்டிலிலிருந்து வந்தவர். ஐந்து பிட்சர்களில் கப்ஸ் ட்ராஃப்ட் செய்தவர் ஒருவர்கூட இல்லை. மான்ட்கோமரியை வாங்கக் கொடுத்த விலையில் பால் பிளாக்பர்ன் என்ற பையன் இருந்தான். கப்ஸ் 2012இல் ட்ராஃப்ட் செய்த பிட்சர். 8-7, கப்ஸ் வெற்றி.

இதோடு கட்டுரையை முடித்தால் எப்ஸ்டீனுக்குச் சிலை வைத்தது போலாகிவிடும். சிலை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் பில் அப்புறம் வந்தது.

வாங்கிய கைகள் வயதான கைகள். அவை தேயத் தேய மாற்று வேண்டும், வீட்டில் விளைச்சல் இல்லை, திரும்பக் கடைக்குத்தான் போக வேண்டும். முன்பு கடைக்குப் போனபோது பையில் காசும் கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை ஒயிட் சாக்ஸிடம் வாங்க, எலாய் ஹிமேனெஸையும் டிலன் சீஸையும் கொடுத்தார்கள். ஆமாம், அந்த ஆறாவது சுற்று சீஸ்தான். கின்டானா கப்ஸில் சுமாராக எறிந்துவிட்டுப் போனார். சீஸ் 2022இல் அமெரிக்கன் லீக் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாவது வந்தார். 2018இல் 12.6 கோடி டாலருக்கு வாங்கிய யூ டார்விஷ் அந்த வருடம் எட்டே ஆட்டம் ஆரம்பித்துவிட்டுக் கையோடு படுத்தார். கூடவே வாங்கிய டைலர் சாட்வுட் 104 இன்னிங்ஸ்கூட எறியாமல் 95 பேரை நடக்கவிட்டார். விலை கொடுத்து வாங்கினால் கை உடையாது என்று எந்த விதியும் இல்லை. லெஸ்டர் விஷயத்தில் திறமையும் இருந்தது, கொஞ்சம் கொடுப்பினையும் இருந்தது.

ஸ்டீல் முதல் முறை மேஜர் லீகில் எறிந்தது 2021 ஏப்ரலில். ட்ராஃப்ட் ஆகி ஏழு வருடம், நடுவில் ஒரு முழங்கை அறுவை. அந்த ஜூலை இறுதியில் ரிஸ்ஸோ, பயேஸ், பிரையன்ட் மூவரையும் ஒரே வாரத்துக்குள் வெவ்வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதாவது, அடிக்கிறவர்களோடு சேர்ந்து வளர்ந்திருக்க வேண்டிய பிட்சர் வந்து சேர்ந்தபோது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சாண்ட்ஸ் வரவே இல்லை. மூன்று பேரில் இருவர் பெரிய பிட்சர்கள் ஆனதைப் பார்த்தால், கப்ஸின் தேர்வு கண்ணில் குறை இல்லை, பொறுமையில்தான் குறை என்று எனக்குத் தோன்றும். வென்றுகொண்டிருக்கும் அணிக்குப் பொறுமை கட்டுப்படியாகாது என்பதும் உண்மை.

பிட்சர்களை முன்னால் எடுத்து ஜெயித்தவர்களே இல்லையா? உண்டு. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மேட் கேன், டிம் லின்சிகம், மேடிசன் பம்கார்னர் மூவரையும் முதல் சுற்றில் எடுத்தது. 2010, 2012, 2014 மூன்று கோப்பைகளுக்கும் அவர்கள் அணியில் இருந்தார்கள். மூவரும் முதல் இரண்டு கோப்பைகள்வரை உடையாமல் இருந்தது அபூர்வம், அதை வேறு அணி பார்த்துச் செய்ய முடியுமா என்பது சந்தேகம். முயன்றவர்கள் உண்டு. 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் தனக்கிருந்த 20 சுற்றுகளிலும் பிட்சர்களையே எடுத்தது. இருபதுக்கு இருபது. நட்சத்திரங்களான ட்ரவுட்டும் ஓதானியும் அடித்துக்கொடுத்த ரன்களைக் காப்பாற்ற ஆள் இல்லாத அணியின் பதற்றம் அது, வியூகம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த வகுப்பிலிருந்து சேஸ் சில்செத் அடுத்த ஆண்டே மேலே வந்தார். ஆனால் 2022இலும் 2023இலும் ஏஞ்சல்ஸ் 73 வெற்றி, 89 தோல்வி. ஓதானி கிளம்பிவிட்டார்.

கப்ஸும் இப்போது வேறு பாதையில் நடந்து பார்க்கிறது. எப்ஸ்டீன் 2020இல் விலகிய பிறகு, 2022 ட்ராஃப்டில் ஏழாவது இடத்தில் ஓக்லஹோமாவின் கேட் ஹார்ட்டனை எடுத்தார்கள். பிட்சர். முந்தைய சீசன் முழுவதையும் முழங்கை அறுவையில் தொலைத்தவர். திரும்பி வந்து கல்லூரி உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் 13 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் (ஸ்டிரைக் அவுட்) செய்ததால் விலை ஏறியவர். அவரிடம் மிச்சம் பிடித்த போனஸில் இரண்டாம் சுற்றில் ஜாக்சன் ஃபெரிஸ் என்ற பள்ளி பிட்சரையும் பிடித்தார்கள். ஷ்வார்பர் வருடத்து அதே உத்தி. 2024 ஜனவரியில் ஃபெரிஸையும் சேர்த்து டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் மைக்கேல் புஷ், அடிக்கிறவர். 2025இல் 34 ஹோம் ரன்.

ஹார்ட்டனை விற்கவில்லை. 2025 மே மாதம் மேலே வந்தார், 11 வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.67 ரன். ஸ்டீல் அந்த ஏப்ரலில் மறுபடி முழங்கை அறுவைக்குப் போயிருந்ததால் அணி இந்தப் பையன் மேல்தான் சாய்ந்திருந்தது. செப்டம்பர் கடைசி வாரத்தில் அவருக்கு விலா எலும்பில் முறிவு என்று தெரிந்தது. அக்டோபரில் பிளேஆஃப் ஆட்டங்களுக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை.